விறகடுப்புக்கு லேசான காப்புக் கல்: களிமண்ணையும் மரத்தூளையும் வைத்து நாமே செய்வது

அடுப்புச் சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு விறகு மிச்சம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. களிமண்ணும் சாதாரணச் செங்கல்லும் சூட்டைத் தடுப்பதில்லை, குடிக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ள மண் அடுப்பு ஒன்று சராசரியாக 120 டிகிரி சூடேற ஏறக்குறைய 6 மெகா ஜூல் வெப்பம் வேண்டும், நன்றாகக் காய்ந்த விறகில் ஒரு கிலோவுக்குக் கிடைப்பதே 15, 16 மெகா ஜூல்தான். அதாவது உலை கொதிக்க ஆகும் விறகு போக, சுவரைச் சூடாக்க மட்டும் 400 கிராம் விறகு போகிறது. ராத்திரி வரைக்கும் பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்றால் இந்தக் குணம் நல்லதுதான். காலையில் அரை மணி நேரத்தில் சோறு வடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது வீண்.

சூட்டை உண்மையில் தடுப்பது அசையாமல் நிற்கும் காற்று. அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.025 வாட் அளவு. வெந்த செங்கல்லுக்கு 0.7 பக்கம் வரும். கல்லுக்குள்ளேயே சின்னச் சின்னத் துளைகளாகக் காற்றை அடைத்துவிட்டால் இதை 0.2, 0.3 வரை இறக்க முடியும். அதற்கு வழி, களிமண்ணோடு எரிந்துபோகும் பொருள் எதையாவது கலந்து சுடுவது, அது இருந்த இடம் துளையாக நின்றுவிடும். துளை நிறைந்த லேசான கல் நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. தெலங்கானாவில் பாலம்பேட் ராமப்பா கோயில் இருக்கிறதே, காகதீயர் காலத்தில் 1213இல் கட்டியது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், அதன் விமானத்தில் வைத்த செங்கற்கள் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நாம் செய்யப்போகும் கல்லும் மிதக்க வேண்டும்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விறகடுப்பின் தீ எரியும் அறைக்கு உள்சுவர், சின்னச் சூளைக்கு உள்பூச்சு, ரொட்டி அடுப்பின் வெளிப்பக்கக் காப்பு, இதற்கெல்லாம் பிரமாதம். வீட்டுச் சுவருக்கு வேண்டாம். பாரம் தாங்கும் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் மிகக் கீழ்ப் படியே 3.5 மெகா பாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும். இந்தக் கல் பெரும்பாலும் அதைக்கூட எட்டாது. நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்றுதான் இருக்கும், அது குறையில்லை.

மண்

குயவர்கள் பயன்படுத்தும் ஏரிக் களிமண், குளத்து மண் இருந்தால் அதுவே போதும். ஏரி, குளத்தில் நீங்களாகப் போய் வெட்டாதீர்கள், அனுமதி வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு கல்லுக்கு வேண்டியது இரண்டு, மூன்று மூட்டை மண்தான் என்பதால் பக்கத்தில் மண்பாண்டம் செய்பவர் யாராவது இருந்தால் அவரிடமே விலைக்கு வாங்கிக்கொள்வது சுலபம், கூடவே அந்த மண் எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரமும் இலவசமாகக் கிடைக்கும்.

கரிசல் மண் வேண்டாம். ஈரத்தில் உப்பிக் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது, போதாக்குறைக்குச் சுக்கான் கல்லும் கலந்திருக்கும். சுக்கான் கல் சுண்ணாம்புக் கல்தான். சூளையில் 850, 900 டிகிரியில் சுட்ட சுண்ணாம்பாகி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, நல்ல கல்லையும் ஒரு வாரத்தில் பொரிப்பொரியாக உதிர்த்துவிடும். உங்கள் மண்ணில் அது இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த மண் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உவர் மண்ணும் வேண்டாம், அதிலுள்ள உப்பு கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும், சூட்டில் மண்ணைச் சீக்கிரம் இளக்கவும் செய்யும்.

ஒட்டும் பதம் பார்க்க எல்லோருக்கும் தெரிந்த வழி: பிசைந்து பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் சுற்றுங்கள். முறியாமல் சுற்றினால் சரி. இந்த வேலைக்கு ஒட்டும் தன்மை அதிகமுள்ள மண்தான் வேண்டும், ஏனென்றால் கொள்ளளவில் பாதிக்கு மேல் வேறு பொருளைக் கலக்கப் போகிறோம், மண்தான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். செங்கல் அறுக்க நல்லது என்று சொல்லும் மணல் கலந்த மண் இங்கே காலை வாரிவிடும்.

சாதாரணச் சிவப்புக் களிமண் 1,100 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். விறகடுப்பின் உள்ளே அந்த அளவுக்குப் போகாது, பயமில்லை. பீங்கான் சூளைக்கு உள்சுவர் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஃபயர் கிளே, அதாவது அதிகச் சூட்டிலும் இளகாத களிமண், தேட வேண்டும். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் அந்த வகை மண் கிடைக்கிறது, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடப்பதே அதனால்தான்.

மண்ணைக் காயவைத்து உடைத்து, பீப்பாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். தானாகக் கரையும். நன்றாகக் கலக்கிக் கூழாக்கி, கொசுவலையை நான்காக மடிக்காமல் ஒற்றையாக விரித்து அதில் வடிகட்டினால் கல், வேர், சுக்கான் எல்லாம் மேலே நின்றுவிடும். இந்த வடிகட்டலை ஒப்புக்குச் செய்யாதீர்கள்.

எதை எரிக்கப் போகிறோம்

என் ஓட்டு மரத்தூளுக்கு. மர அறுவை ஆலையில் ரம்பத்தின் அடியில் விழும் தூள், சலித்து எடுத்தது. இழைப்புச் சுருள் வேண்டாம், பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூள் கண்டிப்பாக வேண்டாம், அதில் பிசின் இருக்கிறது, சுடும்போது வரும் புகை மூச்சுக்கு ஆகாது. மரத்தூளில் சாம்பல் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் மிஞ்சும், ஆகவே துளை வெறுந்துளையாக இருக்கும்.

உமி வேறு ரகம். எல்லோரும் முதலில் உமியைத்தான் நினைப்பார்கள், நெல் விளைகிற ஊரில் அதுதான் மலிவு. ஆனால் முழு உமி படகு வடிவில் வளைந்து நிற்கும், ஸ்பிரிங் மாதிரி. அச்சில் அழுத்தினால் அடங்கும், கையை எடுத்ததும் மெல்ல நிமிரும், அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும். எரிந்தபின் விடும் துளையும் முக்கால் சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் நீளம், அதன் வழியே கல் சுலபமாக முறியும். பெரிய துளையில் இன்னொரு குறையும் உண்டு. சூடு ஏற ஏற, துளையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கதிர்வீச்சாகவே வெப்பம் தாவ ஆரம்பிக்கும், 600, 700 டிகிரிக்கு மேல் இது பெரிய சங்கதி. அதனால் துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. உமிதான் வேண்டுமென்றால் பழைய ஹல்லர் மில்லில் தவிட்டோடு பொடியாக வரும் உமியைத் தேடுங்கள், அல்லது அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். உமியில் ஒரு லாபம்: எரிந்தபின் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அது துளைக்குள்ளேயே எலும்புக்கூடு போல நின்று கதிர்வீச்சைக் கொஞ்சம் மறிக்கும். பாதி மரத்தூள், பாதி அரைத்த உமி என்று போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கிறது.

தென்னை நார்க்கழிவு, பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் கிடக்கும். தன் எடையைப்போல் ஏழு, எட்டு மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் உலர்த்துவது பெரும்பாடு, உப்பும் இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் சேர்க்கக் கூடாது. கரும்புச் சக்கையில் நார் நீளம், பொடியாக நறுக்காவிட்டால் கொத்துக் கொத்தாகச் சிக்கும். கடலைத் தோல் அரைத்துப் போட்டால் பரவாயில்லை.

எதுவானாலும் கோதுமை மாவு சலிக்கிற சல்லடையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணில், ஒரு மில்லிமீட்டர் அளவில், சலித்ததையே எடுங்கள். சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உமித்தூள் நுரையீரலுக்குப் பகை, உமிச் சாம்பல் அதைவிடப் பகை.

அளவு

"இத்தனை கூடை மண்ணுக்கு இத்தனை கூடை தூள்" என்று சொல்லும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. மரத்தூள் கூடையில் எவ்வளவு அடைந்திருக்கிறது, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து எடை இரண்டு மடங்குகூட மாறும். உலர்ந்த எடையில் பேசுவோம். காய்ந்த மண் 4 கிலோவுக்குக் காய்ந்த மரத்தூள் 1 கிலோ, இதிலிருந்து தொடங்குங்கள். சுட்டபின் கன சென்டிமீட்டருக்கு 0.85 கிராம் பக்கத்தில் வரும். 3 கிலோவுக்கு 1 கிலோ என்றால் 0.75 பக்கம். 5க்கு 1 என்றால் கல் கெட்டி, ஆனால் 1.0ஐத் தொட்டுவிடும், மிதப்பதா முங்குவதா என்று தயங்கும். 3க்கு 1ஐவிட அதிகமாகத் தூள் போட்டால் காப்பு இன்னும் நன்றாக வரும், ஆனால் கையில் எடுக்கும்போதே ஓரம் உதிரும். இவை உங்கள் மண்ணையும் தூளையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் நகரும், அதனால் நூறு கல் அறுக்கும் முன் மூன்று விகிதத்திலும் இரண்டிரண்டு சின்ன வில்லை செய்து சுட்டுப் பாருங்கள்.

வில்லை செய்யும்போது ஈரத்திலேயே அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று கீறிவையுங்கள். சுட்டபின் அது 9.3 ஆக இருந்தால் உங்கள் கலவை நூற்றுக்கு 7 சுருங்குகிறது, அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். சுருக்கம் 10ஐத் தாண்டினால் பழைய செங்கல்லை இடித்துச் சலித்த தூளை மண் எடையில் பத்தில் ஒரு பங்கு சேருங்கள், அடங்கும்.

சிமென்ட் கொஞ்சம் சேர்த்தால் கெட்டியாகுமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். 450 டிகிரி பக்கத்தில் சிமென்டின் பிடிப்பு விட்டுப்போகும், சுட்டபின் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று, கெடுதல் வேறு.

குழைத்து அறுப்பது

மரத்தூளை முந்தின நாளே தண்ணீர் தெளித்து ஈரமாக்கி மூடிவையுங்கள். உலர்ந்த தூளை நேராகப் போட்டால் அது மண்ணிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, அச்சிலிருந்து எடுத்தபின் உப்பும், கல் வெடிக்கும். வடிகட்டிய மண் கூழைத் துணியில் ஊற்றித் தண்ணீர் வடியவிட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாக வந்ததும் தார்பாயில் கொட்டி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மிதியுங்கள். காலால் மிதிப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. தார்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் புரட்டிப் புரட்டி மிதித்தால், வெட்டிப் பார்க்கும்போது மண் திட்டும் தூள் திட்டும் தனித்தனியாகத் தெரியாத நிலை வரும், அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. கலந்ததை ஈரச்சாக்குப் போட்டு மூடி ஒன்றிரண்டு நாள் வைத்தால் மண் இன்னும் இணங்கும். கொஞ்சம் நாறும், அவ்வளவுதான். அதற்குமேல் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பதம் எப்படித் தெரியும்? ஒரு உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். அப்பளம் போலப் பரவினால் தண்ணீர் அதிகம், உடைந்து சிதறினால் குறைவு. லேசாகத் தட்டையாகி ஓரத்தில் சின்னக் கீறலோடு நின்றால் அறுக்கலாம்.

கல்லின் கனம் சுட்டபின் இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், காரணம் சுடும் இடத்தில் சொல்கிறேன். மர அச்சை ஈரமாக்கி உள்ளே மரத்தூள் தூவிக்கொள்ளுங்கள் (சாம்பல் தூவ வேண்டாம், அது கல்லின் மேல்தோலை இளக்கும்). கலவையை ஒரே கட்டியாக எடுத்து அச்சுக்குள் அறைந்து, மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி, மேலே மிஞ்சியதைக் கம்பியால் வழியுங்கள். திமிசு போட்டு இடிக்க வேண்டாம், துளைக்காகத்தானே இவ்வளவு பாடு, இடித்து இறுக்கினால் லேசான கல் எங்கிருந்து வரும்? அச்சிலிருந்து எடுத்ததும் சைக்கிள் ஸ்போக் கம்பியால் அகலமான பக்கத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக, முக்கால் ஆழத்துக்குக் குத்திவிடுங்கள். இந்தப் பக்கம் அடுப்பில் வெளிமுகமாக இருக்கட்டும்.

உலர்த்துவது பொறுமை வேலை. நிழலில், நேர் காற்று படாமல், முதல் இரண்டு நாள் சாக்குப் போட்டு மூடி, அப்புறம் திறந்து, தினம் ஒரு பக்கமாகப் புரட்டி, கடைசியில் வெயிலில். ஒரு கல்லைத் தினம் எடை போட்டுக் குறித்துவைத்தால் குழப்பம் இல்லை, இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

சுடுவது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. சாதாரணச் செங்கல் சுட்டுப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் இந்தக் கல் தானே எரியும். 9 அங்குலக் கல் ஒன்றில் ஏறக்குறைய 400 கிராம் மரத்தூள் இருக்கிறது. நூறு கல் அடுக்கினால் நீங்கள் வைக்கும் விறகு தவிரக் கல்லுக்குள்ளேயே 40 கிலோ விறகு ஒளிந்திருக்கிறது. அது 200 டிகிரிக்கு மேல் புகையத் தொடங்கி, 300ஐத் தாண்டினால் தீப்பிடிக்கும், எல்லாக் கல்லும் ஒரே நேரத்தில். அப்போது சூளையின் சூடு உங்கள் கையில் இருக்காது.

சூளை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். சாதாரணச் செங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி இரண்டரை அடிச் சதுரப் பெட்டி, கீழே இரண்டு பக்கமும் தீ வாய், அதற்குமேல் கல் இடைவெளி விட்ட தட்டு, மேலே உடைந்த ஓடு மூடி, வெளியே மண் பூச்சு, இது போதும். கல்லை அடுக்கும்போது ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி எல்லாப் பக்கமும் வேண்டும், நான்கு வரிசைக்கு மேல் அடுக்க வேண்டாம், அடிக்கல் நசுங்கும். தெரிந்தவர் யாராவது செங்கல் காளவாய் போடுகிறார் என்றால் அது இன்னும் நல்லது, நாள் கணக்கில் மெதுவாக வேகும் சூளை அது. அவர்களும் மண்ணில் கொஞ்சம் உமி கலந்து அறுப்பது உண்டு என்பதால் உங்களை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கல்லை மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் கீழே போனால் பாரம் தாங்காது, உச்சி வரிசையில் வேக்காடு போதாது.

சொந்தச் சூளை என்றால் நேரக்கணக்கு இப்படி. முதல் நான்கைந்து மணி நேரம் தீ வாய்க்கு வெளியே சின்னத் தீ மட்டும், கல்லில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகப் போகட்டும். மேலே ஓட்டிடுக்கில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டிப் பாருங்கள், பனி பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பனி நின்றபின் தீயை உள்ளே தள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக அடர்ந்த புகை வரும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், துணி காயப்போடும் நாளாக இருக்கக் கூடாது. புகை வந்துவிட்டால் விறகு வைப்பதை நிறுத்துங்கள். கல் தன் சூட்டிலேயே போகட்டும். தீ வாயைப் பாதி மூடிக் காற்றை அடக்கினால் வேகம் குறையும், ஆனால் முழுக்க மூடவே கூடாது. காற்றில்லாமல் போனால் மரத்தூள் எரியாமல் கரியாகி உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் புகை மெலிந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோகும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புகை நின்றது என்றால் மரத்தூளிலிருந்த வாயு முடிந்தது என்றுதான் பொருள், உள்ளே கரி அப்படியே இருக்கிறது. கரி புகையாமல் மெதுவாகக் கனிந்து எரியும், அதற்கு வேண்டிய காற்று கல்லின் துளை வழியாகத்தான் நடுவரைக்கும் போக வேண்டும். இதற்காகத்தான் கனம் இரண்டரை அங்குலத்துக்குள், இதற்காகத்தான் ஸ்போக் குத்து. புகை நின்றபின் லேசான தீயும் நிறையக் காற்றும் கொடுத்து 500க்கும் 700க்கும் இடையில் நான்கு மணி நேரமாவது வைத்திருங்கள். இதை அவசரப்படுத்தி 900க்கு ஏற்றினால் நடுவிலிருக்கும் கரி, மண்ணிலுள்ள இரும்பின் ஆக்சிஜனைப் பறிக்கும், அப்படி ஆக்சிஜனை இழந்த இரும்பு மண்ணைக் குறைந்த சூட்டிலேயே இளக வைக்கும். கல் வெளியே சிவப்பாக அழகாக இருக்கும், உடைத்தால் உள்ளே கறுத்து, சில சமயம் உப்பியும் இருக்கும்.

கரி தீர்ந்தபின் இனிச் சாதாரணச் சூளைதான். நன்றாக விறகு போட்டு 900, 950 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். 700இல் நிறுத்தினாலும் கல் தண்ணீரில் கரையாது, ஆனால் விரலால் தேய்த்தாலே மாவாக வரும். முடிந்தால் கே டைப் தெர்மோகப்பிள் (சூளைச் சூட்டை அளக்கும் கம்பி வெப்பமானி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அகல் விளக்கு வழி இருக்கிறது: மூன்று அகலில் ஒன்றில் அலுமினியக் கம்பித் துண்டு, ஒன்றில் பொடி உப்பு, ஒன்றில் சின்னப் பித்தளைத் திருகாணி போட்டு சூளையின் மேல்பகுதியில் ஒரு தொகுதி, கீழ்ப்பகுதியில் ஒரு தொகுதி வையுங்கள். அலுமினியம் 660இல் உருகும், உப்பு 801இல், பித்தளை அதன் கலவையைப் பொறுத்து 900க்கும் 940க்கும் நடுவில். ஆறியபின் திறந்து பார்த்தால் எந்த மூலை எவ்வளவு வெந்தது என்று அகல் சொல்லிவிடும், அடுத்த சூளைக்கு அது போதும். நிறத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் இருட்டிய பிறகு பார்க்க வேண்டும், ஆரஞ்சு நிறம் வந்தால் 900ஐத் தாண்டிவிட்டது.

தீயை நிறுத்தியதும் வாய் எல்லாவற்றையும் மண்ணால் அடைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். மண்ணிலிருக்கும் மணல் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும், அந்த இடத்தைக் கல் மெதுவாகக் கடக்க வேண்டும். கையால் தொட்டால் தாங்கும் சூடு வரும்வரை மூடியைத் தூக்கிப் பார்க்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

சரியாக வந்ததா

ஒரு கல்லை உடைத்தே ஆக வேண்டும். குறுக்கே ஒரே நிறமாக இருந்தால் வெற்றி. நடுவில் சாம்பல் நிறக் கோடு லேசாகத் தெரிந்தால் அடுப்புக்குப் பரவாயில்லை, பயன்படுத்தப் பயன்படுத்த அது எரிந்துவிடும். கறுப்பாக இருந்தால் மொத்தக் கல்லையும் மறுபடி அடுக்கிக் காற்றோட்டமாகச் சுடலாம், உப்பாமல் இருந்தால் காப்பாற்றிவிடலாம்.

பிறகு தராசு. நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, கிராமில் உள்ள எடையை அதால் வகுங்கள். 9க்கு நாலரைக்கு இரண்டரை அங்குலக் கல் என்றால் 1,650 கன சென்டிமீட்டர் பக்கம் வரும். சாதாரணச் செங்கல் அந்த அளவில் மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். உங்களுடையது 1,240 கிராம் என்றால் 0.75. அதே கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்து, எடுத்துத் துடைத்து எடை போட்டால் 2,230 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள்: 990 கிராம் தண்ணீர், அதாவது 990 கன சென்டிமீட்டர் துளை, நூற்றுக்கு 60. ஊறவைத்த கல்லை மறுபடி நன்றாகக் காயவைக்காமல் தீக்குக் காட்டாதீர்கள்.

தட்டிப் பார்த்து ஓசையை வைத்து முடிவு செய்யும் பழக்கம் இங்கே உதவாது. நன்றாக வெந்த செங்கல் கணீரென்று ஒலிக்கும். இவ்வளவு துளை உள்ள கல் எவ்வளவு வெந்தாலும் தொப்பென்றுதான் சொல்லும்.

காப்பு எப்படி என்று பார்க்க, இந்தக் கல் ஒன்றையும் சாதாரணக் கல் ஒன்றையும் ஒரே தீயின் இரண்டு பக்கமும் நிறுத்தி அரை மணி கழித்துப் பின்பக்கச் சூட்டை ஒப்பிடுங்கள். கையை வைக்க வேண்டாம், இரண்டின் பின்னாலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுப்பில் வைக்கும்போது

தீயறையின் நான்கு சுவருக்கும் இந்தக் கல். தரைக்கு மட்டும் வேண்டாம், விறகைத் தள்ளித் தள்ளி இரண்டு வாரத்தில் குழி விழுந்துவிடும். அங்கே சாதாரணக் கெட்டிச் செங்கல்லோ பழைய தரை ஓடோ போட்டு, அதற்கு அடியில் வேண்டுமானால் காப்புக் கல் வைத்துக்கொள்ளுங்கள். விறகு நுழையும் வாயின் ஓரத்துக்கும் இதே கதைதான். கல்லை ரம்பத்தால் அறுக்கலாம், பழைய ரம்பமாக எடுங்கள், பல் மழுங்கும். நனைத்துவிட்டு அறுத்தால் தூள் பறக்காது.

கல்லுக்குக் கல் ஒட்டச் சிமென்ட் சாந்து கூடாது, அதே களிமண் கூழில் உடைந்த கல்லை இடித்த தூளைப் பாதிக்குப் பாதி கலந்து மெல்லியதாகப் பூசினால் போதும். தீ படும் முகத்துக்கும் இதே கூழைத் துணியால் இழுத்துவிட்டால் மேல்தோல் கொஞ்சம் இறுகும், விறகுச் சாம்பலின் காரம் கல்லை அரிப்பதும் தாமதமாகும். வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை பற்றவைக்கும்போது சுள்ளி மட்டும், ஒரு மணி நேரம். கஞ்சி பொங்கி வழிந்து கல் ஊறிவிட்டதென்றால் மறுநாளும் அப்படியே சுள்ளியில் ஆரம்பியுங்கள். ஈரமான துளைக்குள் ஆவி கிளம்பி முகம் செதில் செதிலாகப் பெயரும். பெயர்ந்த கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு வைக்கும்படி அடுப்பைக் கட்டிக்கொள்ளுங்கள், அதற்காகச் சூளையில் பத்துப் பதினைந்து கல் கூடுதலாகவே சுட்டு வையுங்கள்.